பழம்பதமும் மின்கிதாரும்

புதிய இசையைக் கேட்பதற்குப் புதிய காது வேண்டுவதில்லை. சிறிது பொறுமை இருந்தாற் போதும். ராக் இசை என்றதுமே வெறும் இரைச்சல் என்று ஒதுக்கிவிடுவோர் நம்மிடையே பலர். நாட்டுப்பாடலோடு மின்கிதாரைச் சேர்த்தால் இரண்டும் கெடும் என்பது அவர்கள் கூறும் குறை. அக்குறை மெய்தானா என்பதை ஓர் இசைத்தொகுப்பைக் கொண்டு ஆராய்வோம்.

பெங்களூர் நகர ரயில் நிலையத்திற்கு அருகே அமைந்தது ஒக்கலிபுரம். தமிழும் கன்னடமும் ஒரே தெருவிற் புழங்கும் பகுதி அது. அங்கே ஒரு மழைநாள் மாலையில், 'ரகு தீட்சித் ப்ராஜெக்ட்' என்னும் பெங்களூர்க் குழுவின் முதல் தொகுப்பை நாம் கேட்கலானோம். இசையமைப்பாளர்களான விஷால், சேகர் இருவரின் நிறுவனம் 2008ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டது. கன்னடம், இந்தி, ஆங்கிலம் ஆகிய மும்மொழிப் பாடல்களும் அதில் உண்டு.

அவற்றுள் இரண்டு, சிசுநாள ஷரீப் இயற்றிய கன்னடப் பாடல்கள். 1819 முதல் 1889 வரை வாழ்ந்த ஷரீப், வட கர்நாடகத்தவர். இஸ்லாமியக் குடும்பத்திற் பிறந்து, கோவிந்த பட்டர் என்னும் அந்தணரைக் குருவாகக் கொண்டவர். குணங்குடி மஸ்தான் சாகிபுவை அறிந்த தமிழருக்கு இவர் அயலார் அல்லர். வீட்டிலும் தெருவிலும் காணும் எளிய பொருள்களைக் கொண்டே அரிய மெய்ப்பொருளை உணர்த்துவது இவருடைய தத்துவப் பதங்களின் இயல்பு. இத்தொகுப்பிலுள்ள ஒரு பதம், புகைக்கும் உக்காவை வைத்து மன மாசை எரிக்கச் சொல்வது. மற்றொன்று, அறியாமையால் கூரை ஒழுகும் வீட்டைப் பாடுவது.

எம்முடன் அமர்ந்து கேட்டவர் பக்கத்து வீட்டுக் கன்னடப் பெரியவர். ஷரீப்பின் பதங்களை அவர் சி. அஸ்வத்தின் மெட்டுகளில் கேட்டுப் பழகியவர். அஸ்வத் இசையமைத்து 1990இல் வெளிவந்த 'சந்த சிசுநாள ஷரீபா' திரைப்படத்தையும் கண்டவர். உக்காப் பாடல் துள்ளலாக எழுந்ததும், "இது என் காதுக்கு ஒவ்வாது, ஐயா" என்று எழுந்துவிட்டார். அடுத்து, கூரை ஒழுகும் பாடல் தொடங்கியது. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. வாயிற்படி வரை சென்றவர் நின்றார். பின்னர்த் திரும்பி வந்து அமர்ந்து, அடி அடியாகத் தமிழிற் பொருள் கூறலானார்.

பெரியவரைத் திருப்பி அழைத்தது எது? பதத்திற்குப் பல்லவி உண்டு. அது மீண்டும் மீண்டும் வந்து பொருளை நெஞ்சிற் பதிக்கும். பலர் கூடிப் பாடுதற்குரிய சீரான தாளமும் உண்டு. ராக் பாடலின் உயிர்நிலைகளும் இவை இரண்டே. ஆதலால் இங்கே இணைந்தவை வேற்றுப் பொருள்கள் அல்ல. முகம் அறியாத உறவினர் எனலாம். பல்லவி திரும்பும்போது சொல் தெளிவாகக் கேட்கிறதா என்பதே உரைகல். வாத்தியம் சொல்லை விழுங்கினால் அது கலப்படம்; சொல்லைத் தாங்கினால் அது கலப்பு.

இத்தகைய கலப்பு நமக்குப் புதிதும் அன்று. மேனாட்டு வயலினை முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் கற்றுக் கருநாடக இசைக்கு வழங்கினார். இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. அதனை அயல்நாட்டுக் கருவி என்று நினைப்பாரும் அரியர்.

ஆகவே நேயர்கள் இத்தொகுப்பை மும்முறை கேட்பார்களாக. முதன்முறை குரலை மட்டும் பின்தொடர்க. அடுத்த முறை தாளத்தைக் கவனிக்க. மூன்றாம் முறை, மொழி அறிந்த ஒருவரை அருகிருத்திச் சொற்பொருள் கேட்க. அன்று மழை விட்ட பின்னரும் பெரியவர் எழவில்லை. "அந்த முதற்பாட்டை இன்னொரு முறை போடுங்கள்" என்றார்.