குரோட்டன்ஸ் நிழலில் நிறம் இழப்பது ஏன்?

கிழக்கிந்தியத் தீவுகளில் பிறந்து, 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் ஸ்வீடன் தேசத்துத் தாவர சாஸ்திரியால் பெயரிடப்பெற்று, இன்று நம் வீட்டு வாசல்களில் தொட்டிதோறும் நிற்கும் குரோட்டன்ஸ் செடியை ஆசையோடு கூடத்து மூலையில் வைத்தவர்கள், சில மாதங்களில் அதன் செம்மையும் பொன்மையும் மங்கிப் புதுத் தளிர்கள் வெறும் பச்சையாய் வருவதைக் கண்டு வருந்துவதுண்டு. பலர் எருவிட்டுப் பார்க்கிறார்கள். குறை மண்ணில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது.

இலைக்குள் ஆகாரம் சமைக்கும் பச்சையத்தோடு, மஞ்சள் வர்ணம் தரும் கரோட்டினாய்டுகளும், சிவப்பும் ஊதாவும் தரும் ஆந்தோசயனினும் சேர்ந்தே உறைகின்றன. உக்கிரமான வெயிலில், தேவைக்கு மிஞ்சிய ஒளி பச்சையத்தைச் சிதைத்துவிடாதபடி இவ்வர்ணங்கள் திரையிட்டுக் காக்கின்றன. ஒளி குன்றிய இடத்திலோ, கிடைக்கும் சொற்ப வெளிச்சத்தையும் விடாமல் பற்றும் பொருட்டுப் பச்சையம் மேலோங்க, சிவப்பு உண்டாவது குறைந்துவிடுகிறது.

நிறத்தில் மட்டுமன்றி இலையின் வடிவிலும் குரோட்டன்ஸ் விசித்திரம் காட்டும்; இலைப்பரப்பு நடுவில் அற்றுப்போய், நடு நரம்பு மட்டும் நூல்போல் நீண்டு, அதன் நுனியில் மற்றொரு சிற்றிலை தொங்குகின்ற ஜாதி ஒன்றுண்டு. என் மனத்துக்கு மிக உகந்தது அதுவே. அத்தகைய விசித்திரங்கள் விதையில் பெரும்பாலும் மாறிவிடுமாதலால், கிளையை நறுக்கி நட்டோ பதியம் போட்டோ பெருக்குவதே முறை. நறுக்கும்போது வடியும் பால் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். கையை உடனே கழுவிவிட வேண்டும். இருட்டு மூலையிலிருந்து வெயிலுக்கு மாற்றுவதையும் சிறிது சிறிதாகவே செய்ய வேண்டும்; திடீரென்று மாற்றினால் செடி இலைகளை உதிர்த்துவிடும்.