நம்மை நாமாக இருக்கச் சொல்லும் எழுத்தைத் தேடுவது எப்படி?



"பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பாரு!" இதைக் கேட்காத ஆளே நம்மில் இருக்க முடியாது. மார்க், நிறம், உயரம், பேச்சு எல்லாவற்றிலும் ஒப்பிடுவார்கள். கேட்டுக் கேட்டுக் கடைசியில் நமக்கே நம்மைப் பிடிக்காமல் போய்விடுகிறது.

அந்த நேரத்தில் செல்போனில் "தன்னம்பிக்கை" என்று தேடினால் என்ன வருகிறது? சூரியன் உதிக்கிற படம். அதன் மேல் "உன்னால் முடியும்" என்று ஒரு வரி. யார் சொன்னது, எப்படி முடியும், ஒன்றுமே இருக்காது. பொரி தின்ற மாதிரிதான். வாய் நிறையும், வயிறு நிறையாது. வாழ்ந்து காட்டியவர்களைப் பற்றித் தேடிப் படித்தால்தான் வயிறு நிறையும். இரண்டு பேரைச் சொல்கிறேன்.

உ.வே.சாமிநாதையர் (1855–1942): இவர் சிறுவனாக இருந்தபோது இங்கிலீஷ் படித்தால் வேலை கிடைக்கும், தமிழ் படித்து என்ன பயன் என்று பலர் சொன்னார்கள். அப்பா சங்கீத வித்துவான். ஆனாலும் இவருக்குப் பிடித்தது தமிழ்தான். அதையே படித்தார். 1880-ல் சேலம் இராமசாமி முதலியார், "சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். அதுவரை படித்ததில்லை. இதை மறைக்காமல் தானே எழுதியிருக்கிறார், பாருங்கள்! அதற்குப் பிறகு ஏடு ஏடாகத் தேடி, 1887-ல் சிந்தாமணியை அச்சிட்டார். "என் சரித்திரம்" என்ற புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறது.

வை.மு.கோதைநாயகி அம்மாள் (1901–1960): பள்ளிக்கூடமே போகாதவர். சின்ன வயதிலேயே கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். எழுதத் தெரியாத காலத்தில் இவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி எழுதிக் கொடுத்ததுதான் "இந்திர மோகனா" நாடகம். எழுதத் தெரியாததற்காகக் கதை சொல்வதை இவர் நிறுத்தவில்லை! அப்புறம் எழுதக் கற்றுக்கொண்டு, 1925 முதல் "ஜகன்மோகினி" பத்திரிகையை நடத்தினார். 115 நாவல்கள் எழுதினார்.

எங்கே கிடைக்கும்? நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு முடிந்தால் அவர் புத்தகம் எல்லோருக்கும் பொது. சிலருடைய புத்தகங்களை அதற்கு முன்பே அரசு நாட்டுடைமை ஆக்கிவிடும். பாரதியார் பாடல்கள் அப்படித்தான் பொதுவாயின. இந்த மாதிரிப் புத்தகங்களைக் காசில்லாமல் படிக்கலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, பிழை திருத்திப் போடுகிறார்கள். விக்கிமூலமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கின்றன.

தேடும்போது கவனிக்க வேண்டியவை:

1. "தன்னம்பிக்கை" என்று பொதுவாகத் தேடாதீர்கள். ஆசிரியர் பெயரையும் புத்தகப் பெயரையும் தமிழிலேயே அடியுங்கள்.
2. எழுதியவர் பெயர், ஆண்டு இருக்கிறதா என்று பாருங்கள்.
3. பட்ட கஷ்டத்தையும் சொல்கிறாரா, ஜெயித்ததை மட்டும் சொல்கிறாரா?
4. படித்து முடித்ததும் "பணம் கட்டு, வகுப்பில் சேர்" என்று வந்தால் அது விளம்பரம். மூடிவிடுங்கள்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு செல்லு?" என்று சொல்கிற வீடுகள் நம் ஊரில் நிறைய. அந்தத் தோழிகளை விட்டுவிடக் கூடாது. செல் கிடைக்கிறவர்கள் இரண்டு பக்கம் நோட்டில் எழுதி வந்தால் மதிய இடைவேளையில் எல்லோரும் கேட்கலாம். கோதைநாயகி அம்மாளுக்கு ஒரு தோழி எழுதிக் கொடுத்தாரே, அது போலத்தான்.

அடுத்தவரைப் பார்த்தது போதும். நல்லதைப் படிப்போம், நாமாக இருப்போம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி