உண்மைகளை வைத்தே ஏமாற்றும் பேச்சு

திருச்சி புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைப் பக்கம் டீ குடித்தபடி நிற்பவர்கள் பேச்சுக்குக் காது கொடுத்தால், தர்க்கப் பாடம் முக்கால்வாசி அங்கேயே நடந்துவிடும். "எங்க தாத்தா 90 வயசு வரைக்கும் பீடி குடிச்சாரு, கல்லு மாதிரி இருந்தாரு." "ஊசி போட்டுட்டு வந்த அன்னைக்கே படுத்தாரு, அப்புறம் எந்திரிக்கவே இல்ல." "ஊரே அந்தக் கடையில பணம் போடுது, நமக்கு மட்டும் என்ன?" இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. தாத்தா உண்மையிலேயே 90 வரை இருந்திருப்பார். ஊசி போட்டதும் நிஜம், படுத்ததும் நிஜம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிற இடத்தில்தான் பலகை ஒடிந்திருக்கிறது.

பொய்யைக் கண்டுபிடிக்க ஆதாரம் கேட்டால் போதும். இந்த வகைப் பேச்சில் ஆதாரம் கையிலேயே இருக்கும். சொல்பவரும் நம்பித்தான் சொல்வார். நம்மிடம் அதைக் கொண்டு வருபவர் பெரும்பாலும் சித்தப்பா, மச்சான், உடன் வேலை பார்ப்பவர். மறுத்துப் பேசினால் உறவு கசக்கும் என்று நாமும் வாயை மூடிக்கொள்கிறோம்.

வாதத்தில் ஓட்டை பார்ப்பதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்கள் மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையைப் புரட்டிப் பார்க்கலாம். காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருமம் சொல்லும் முன், வாதம் எப்படிக் கெட்டுப்போகும் என்று பாடம் எடுக்கிறார். நிறுவ வந்த கூற்றில் உள்ள பிழையான பக்கப் போலி 9, காரணத்தில் உள்ள பிழையான ஏதுப் போலி 14, எடுத்துக்காட்டுப் போலி 10 என்று பட்டியல் நீளும். அதில் ஒன்று: கண்ணில் பட்டது நீராவியா, பனியா, புகையா என்று தெளியாமலேயே அங்கே நெருப்பு இருக்கிறது என்று முடிவுகட்டுவது.

"நெருப்பில்லாமல் புகையாது" என்று நாம் வதந்திக்கெல்லாம் வக்காலத்து வாங்குகிறோமே, அது இதேதான். 2018 மே மாதம் குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்ற வாட்ஸ்அப் செய்தி வட மாவட்டங்களில் பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பத்தை ஊர்க்காரர்கள் அடித்தார்கள். 65 வயது மூதாட்டி இறந்துபோனார். அவர் செய்ததெல்லாம் வழியில் நின்ற குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான். கடத்துபவன் மிட்டாய் கொடுப்பான் என்பதால், மிட்டாய் கொடுப்பவரெல்லாம் கடத்துபவர் ஆகிவிடுவாரா? சந்தேகம் வந்தால் அவசர உதவி எண் 112க்கோ குழந்தைகள் உதவி எண் 1098க்கோ சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பதுதான் நம் வேலை. கை ஓங்குவது குற்றம். அன்று அடித்தவர்களும் குழந்தைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

அடுத்த வகையும் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி இறந்தார். ஊசியால்தான் என்று தமிழ்நாடே பேசியது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியக் குழாய் முழுமையாக அடைபட்டிருந்ததாகச் சிகிச்சை அளித்த மருத்துவர்கள் சொன்னார்கள். தடுப்பூசிக்குப் பின்வரும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவும் அவரது இறப்புக்குத் தடுப்பூசி காரணமில்லை என்றே அந்த ஆண்டு அக்டோபரில் முடிவு சொன்னது. அதற்குள் எத்தனை பெரியவர்கள் ஊசி வேண்டாம் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்களோ.

பின்னால் வந்தது என்பதற்காக முன்னால் நடந்ததைக் காரணமாக்க முடியாது. அதே வாரத்தில் ஊசி போடாத எத்தனை பேருக்கு மாரடைப்பு வந்தது, போட்டவர்களில் எத்தனை பேர் நலமாக வீடு திரும்பினார்கள் என்று கேட்டால்தான் கணக்கு நேராகும். மஞ்சள் காமாலைக்குக் கைமருந்து கொடுக்கிறவர்களுக்குப் புகழ் சேருவதும் இப்படித்தான். தண்ணீர், உணவு வழியாகத் தொற்றும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். அந்தச் சமயத்தில் யார் எதைக் கொடுத்திருந்தாலும் பெயர் அவருக்கே.

நாய்க்கடியில் இந்தத் தவறு உயிரை வாங்கும். "எனக்கும்தான் கடிச்சுது, ஊசியே போடல, நல்லாத்தானே இருக்கேன்" என்பார் ஒருவர். கடிக்கிற எல்லா நாய்க்கும் வெறிநோய் இருப்பதில்லை. அவர் தப்பித்தது அதனால். தப்பிக்காதவர் இந்த வாதத்துக்குப் பதில் சொல்ல டீக்கடைக்கு வரப்போவதில்லை. வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது அரிதிலும் அரிது. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும்.

பணத்துக்கு வருவோம். திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு பல ஊர்களில் கிளை வைத்திருந்த பிரணவ் ஜுவல்லர்ஸ், 2023 அக்டோபரில் கடைகளைப் பூட்டியது. தங்க முதலீட்டுத் திட்டம் என்று சொல்லி மக்களிடம் சுமார் 100 கோடி ரூபாய் திரட்டியதாகக் குற்றச்சாட்டு. அந்த நவம்பரில் சோதனை நடத்திய அமலாக்கத்துறை, ரூ.23.70 லட்சம் ரொக்கத்தையும் 11.60 கிலோ தங்கத்தையும் கைப்பற்றியதாக அறிவித்தது. திரட்டியதையும் கைப்பற்றியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதுபோன்ற திட்டங்கள் வீட்டுக்குள் எப்படி நுழைகின்றன? ஒரு வீட்டுப் பேச்சைக் கற்பனை செய்து பார்க்கலாம்.

"சித்தப்பா, இவ்ளோ வட்டி அவங்களுக்கு எங்கேருந்து வருது?"

"எவ்ளோ பெரிய நடிகரு விளம்பரத்துல வர்றாரு. அவரு விசாரிக்காமலா வருவாரு?"

"சரி, வட்டி எங்கேருந்து வருதுன்னு கேட்டேன்."

"உங்க மாமா மூணு மாசமா கரெக்டா வாங்கிட்டு இருக்காரும்மா."

"அதையும் கேக்கல சித்தப்பா..."

"நேத்து வேலைக்குப் போனவ நீ. உனக்கு என்ன தெரியும்?"

நடிகருக்கு நடிப்புத் தெரியும். நிறுவனத்தின் வரவு செலவு தெரியும் என்பதற்கு விளம்பரம் சாட்சியாகாது. மாமாவுக்கு மூன்று மாதம் வந்தது உண்மை. ஆனால் புதிதாகச் சேருபவர் பணத்தை எடுத்துப் பழையவருக்கு வட்டியாகக் கொடுக்கும் திட்டத்தில், முதலில் சேர்ந்தவர்களுக்கு ஒழுங்காகப் பணம் வரத்தான் செய்யும். அப்படி வருவதுதான் அந்தத் திட்டத்தின் விளம்பரமே. ஆகவே மாமாவின் அனுபவம் அது நல்ல திட்டம் என்பதையும் காட்டவில்லை, மோசடி என்பதையும் காட்டவில்லை. கடைசி வரி இருக்கிறதே, அதுதான் நம் வீடுகளில் அதிகம் புழங்குவது: கேள்வியை விட்டுவிட்டுக் கேட்டவரைத் தட்டுவது. கவனித்தீர்களா, அந்தப் பெண் கேட்ட ஒரே கேள்விக்குக் கடைசிவரை பதில் வரவில்லை. போலி வாதத்துக்கு நான் கண்ட முதல் அடையாளம் இதுதான்.

பணம் போடும் முன், அந்த நிறுவனம் யாரிடம் பதிவு பெற்றிருக்கிறது என்று ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்தில் பார்க்கலாம். சீட்டு என்றால் சீட்டுப் பதிவாளரிடம் பதிவு எண் கேட்கலாம். நகைச்சீட்டு பெரும்பாலும் 11 மாதத்தில் முடிவதற்கும் காரணம் உண்டு. ஒரு கம்பெனி பொருளுக்காக வாங்கிய முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்துக் கணக்கு முடிக்காவிட்டால், அது வைப்புத்தொகை ஆகிவிடும். அதற்கு விதிகள் வேறு. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களை 2019ஆம் ஆண்டுச் சட்டம் அடியோடு தடை செய்கிறது. பொய் என்று தெரிந்தே வாக்குறுதி கொடுத்து அடுத்தவரை அதில் சேரத் தூண்டினால் 1 முதல் 5 ஆண்டு வரை சிறை. கமிஷனுக்காக ஆள் சேர்க்கும் உறவினர்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது.

கடை பூட்டிய பிறகு ஏஜென்டுகள் இன்னொரு வாதத்தோடு வருவார்கள்: "போலீஸ்ல புகார் குடுத்தா ஓனரை உள்ள வெச்சிடுவாங்க, அப்புறம் ஒரு பைசா வராது. பொறுத்தா முழுசா வரும்." இரண்டே வழிதான் இருப்பதுபோல் காட்டி மூன்றாவதை மறைக்கும் தந்திரம் இது. தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் 1997 இருக்கிறது. அதன்படி நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி, விற்று, சிறப்பு நீதிமன்றம் வழியாகப் பணம் கட்டியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியும். ஆண்டுகள் ஆகும், முழுத் தொகை கிடைக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. ஆனால் நாம் பொறுத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் முடக்குவதற்கான சொத்து கை மாறிக்கொண்டிருக்கும். ரசீதுகளை எடுத்துக்கொண்டு பொருளாதாரக் குற்றப்பிரிவுக்கு முதலில் போவதே உத்தமம்.

"ஒண்ணு இன்னைக்கே ஆபரேஷன், இல்லாட்டி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று ஒரு தனியார் மருத்துவமனை சொல்லும்போதும் இந்தக் கேள்வி பொருந்தும்: வேறு வழி உண்டா? அவசர நிலையில் வாதத்துக்கு நேரமில்லை, மருத்துவர் சொல்படி நடக்க வேண்டியதுதான். நேரம் இருக்கும்போது இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பது நோயாளியின் உரிமை. கேட்டால் சிகிச்சை ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறி விதிகள் சொல்கின்றன. புத்தூர்க்காரர்களுக்கு மூன்றாவது வழியான அரசு மருத்துவமனை நடந்துபோகும் தூரத்திலேயே இருக்கிறது.

பயமுறுத்துவது வாதமே இல்லை என்றாலும் இப்போது அதற்குத்தான் மவுசு. "நீங்க தப்பு செய்யலன்னா ஏன் பயப்படுறீங்க? சரிபார்க்கப் பணத்தை அனுப்புங்க" என்று வீடியோ அழைப்பில் காக்கிச் சட்டையோடு ஒருவர் மிரட்டுவார். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'டிஜிட்டல் கைது'. அப்படி நம் சட்டத்தில் எதுவும் கிடையாது. அழைப்பைத் துண்டியுங்கள், பணம் போயிருந்தால் இணையக் குற்ற உதவி எண் 1930க்கு உடனே சொல்லுங்கள்.

புத்தூர் வழியே ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலில் சாக்கடை கலக்கிறதே என்று ஒருவர் கேட்டால், "நீ மட்டும் குப்பை போட்டதில்லையா?" என்று பதில் வரும். அவர் போட்டிருந்தாலும் சாக்கடை சாக்கடைதான். தகவல் உரிமைச் சட்டம் 2005 இந்த விஷயத்தில் நம் வீட்டுப் பெரியவர்களைவிட நியாயமானது: நீ யார், உனக்கு எதற்கு என்று காரணம் கேட்கவே கூடாது என்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். கேட்டவர் யார் என்று பார்க்கக் கூடாது என்பதுபோல, சொன்னவர் யார் என்று பார்த்தும் ஏற்கக் கூடாது. இதே புத்தூரில்தான் பெரியார் மாளிகையும் இருக்கிறது. தான் சொல்வதையும் சொந்த அறிவைக் கொண்டு யோசித்துப் பார்த்துத்தான் ஏற்க வேண்டும் என்று மேடைதோறும் சொன்னவர் அவர். இன்று அவர் பெயரைச் சொன்னாலே வாதம் முடிந்துவிட்டதாக நினைப்பவர்களும், அவர் பெயரைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்பவர்களும் நம்மிடையே தாராளம்.

இந்தப் போலிகளைக் கற்றவர்களுக்கு ஒரு புது வியாதி வரும். எதிராளி வாதத்தில் ஓட்டை கண்டதுமே அவர் முடிவும் பொய் என்று துள்ளுவார்கள். தாத்தா கதை சொல்லி ஒருவர் கீரை சாப்பிடச் சொன்னால் வாதம் மோசம்தான், கீரை நல்லதுதான்.

கடைசியாக, அந்தச் சித்தப்பாவைப் போல நடிகர் வரும் விளம்பரத்தை நம்பி ஏமாந்தவர்களுக்கு ஒரு தகவல். முக்கிய விவரத்தை வேண்டுமென்றே மறைப்பதையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 தவறான விளம்பரம் என்றே சொல்கிறது. அப்படிப்பட்ட விளம்பரத்தில், உரிய முறையில் விசாரிக்காமல் தோன்றிய பிரபலத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி உண்டு. ஆலோசனைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நீங்களே அங்கே வாதாடலாம்.