நச்சுவாயு விலக்கும் அதன் இடர்ப்பாடுகளும்

நமது இரசாயனசாலையிலே குளோரின் வாயுவை ஒருமுறை முகர நேர்ந்த மாணவர் அதனை எளிதில் மறவார். 1915-ஆம் வருஷம் ஏப்ரல் 22-ஆம் நாள், பெல்ஜிய நாட்டு ஈப்ரே நகரருகே ஜெர்மானியர் அவ்வாயுவைச் சுமார் 150 டன் அளவிற் காற்றிலே திறந்துவிட, அகழிகளிற் பதுங்கியிருந்த போர்வீரர் பலர் மூச்சடைத்து மாண்டனர். 1925-இல் ஜினீவாவில் எழுந்த உடன்படிக்கை நச்சுவாயுவைப் போரிற் பிரயோகித்தலை விலக்கிற்றேயன்றி, செய்து சேர்த்துவைத்தலை விலக்கிற்றில்லை. 1993-இற் கையொப்பமாகி 1997 ஏப்ரல் 29-இல் அமலுக்கு வந்த புதிய உடன்படிக்கையே அக்குறையைத் தீர்த்தது. இன்று 193 நாடுகள் அதிற் சேர்ந்துள்ளன. அதனை நடத்துதற்கு ஹேக் நகரில் ஒரு ஸ்தாபனமும் உண்டு.

ஒப்புக்கொண்ட சரக்கை ஒழிப்பதும் எளிதாயிருந்ததில்லை. கடலில் எறிதல், மண்ணிற் புதைத்தல், வெட்டவெளியிற் கொளுத்துதல் ஆகிய மூன்றும் உடன்படிக்கையால் தடுக்கப்பட்டவை. நம் இந்தியா 2009-இல் தன் இருப்பை முற்றும் அழித்தது. அமெரிக்காவிலோ, பத்தாண்டில் முடியவேண்டிய வேலை 2023 ஜூலை வரை நீண்டது.

நிற்க. இவை யாவும் கணக்கிற் காட்டியவை, காட்டாதவற்றை என்செய்வது? 2013 ஆகஸ்டு 21-இல் சிரியாவின் தலைநகரை அடுத்த கூட்டாவில் ஸாரின் என்னும் நஞ்சு பொழியப்பட்டு, குழந்தைகள் உட்பட எத்தனையோ பேர் உறக்கத்திலேயே இறந்தனர். அவ்வருஷமே சிரியா உடன்படிக்கையிற் சேர்ந்து, சுமார் 1,300 டன் இருப்பைக் காட்டியது. 2014-இல் அது கப்பலேறியது. ஆயினும் 2017 ஏப்ரல் 4-இல் கான் ஷேக்கூன் என்ற ஊரில் மீண்டும் ஸாரின் விழுந்தது.

குளோரினைப் பற்றிய சிக்கல் இதனினும் பெரிது. குடிநீரைத் தூய்மை செய்தற்கு இன்றியமையாத அதனை வைத்திருத்தல் எந்நாட்டிற்கும் குற்றமன்று. கொல்லும் நோக்குடன் அதனைப் பீப்பாயிலடைத்து வானினின்று எறியும்போதே அஃது ஆயுதமாகின்றது. பண்டசாலையைச் சோதிப்பவர் சரக்கை நிறுக்கலாம். நோக்கத்தை எங்ஙனம் நிறுப்பர்?

எறிந்தவர் யாரென்று உரைப்பதும் அரசியலுக்குட்பட்டது. அதனை ஆராய்ந்த கூட்டுக்குழு சிரியா அரசைக் குறிப்பிட்ட பின்னர், 2017 நவம்பரில் ருஷ்யாவின் மறுப்பாணையால் ஆயுள் முடிந்தது. 2018 ஜூனில் உறுப்பு நாடுகள் வாக்கெடுத்து அவ்வதிகாரத்தை ஹேக் ஸ்தாபனத்திற்கே அளித்தன. ஐயமுற்ற நாடு மற்றொன்றின் இடத்தைத் திடீரெனச் சோதிக்கக் கோரலாமென்று உடன்படிக்கையில் ஒரு விதி உண்டு. கால் நூற்றாண்டு கடந்தும் அதனை ஒருவரும் கையாளவில்லை. நாளை தம் கதவும் தட்டப்படுமென்ற அச்சமே காரணமென்பது நம் கருத்து.

2024 டிசம்பரில் சிரியாவின் பழைய அரசு வீழ்ந்தது. 2025-இல், புதிய ஆட்சியாளர் இசைவுடன், முன்னர்க் கணக்கிற் காட்டாத இடங்களைத் தேடிப் பரிசோதகர் அந்நாட்டினுட் சென்றனர்.