தலைகீழாய்த் தொங்கும் புழு

அந்தியூர்ப் பக்கம் கடலைக்காட்டு வரப்பில் ஆமணக்குச் செடி நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வெட்டுப்புழுவின் தாய் அந்துப்பூச்சிக்கு ஆமணக்கு இலை என்றால் கொள்ளை ஆசை. முட்டைகளை அங்கே இட்டுவிடும். கடலை தப்பிக்கும்.

அந்தச் செடியில் சில புழுக்கள் தலைகீழாகத் தொங்கிச் செத்திருக்கும். தொட்டால் தோல் கிழிந்து கூழாக ஒழுகும். கொன்றது யார்? என்.பி.வி. என்ற வைரஸ்! பட்டுப்புழுவுக்கு வரும் பால் நோயும் இதன் பங்காளி வைரஸால் வருவதுதான்.

பூச்சிமருந்து அடித்து அடித்து வெட்டுப்புழுவுக்கு அது பழகிவிட்டது. அடிப்பவர் உடம்புக்குத்தான் கேடு. அதனால் இந்த வைரஸையே மருந்தாக்கினார்கள். இது தேனீயையோ, ஆட்டையோ, நம்மையோ தாக்காது.

ஆனால் வைரஸைத் தனியே பிரிப்பது எப்படி? சாதாரணமாக, நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் விலையுயர்ந்த கருவி வேண்டும். அவ்வளவு நுண்ணியது வைரஸ். என்.பி.வி.யோ தனியாக இருப்பதில்லை. புரதத்தால் ஆன டப்பாவுக்குள் கூட்டமாக அடைந்திருக்கும். ஒரு டப்பா ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வைரஸோடு ஒப்பிட்டால் இது யானை! பள்ளி நுண்ணோக்கியில்கூடப் புள்ளியாகத் தெரியும்.

அதனால் வேலை சுலபம், செலவும் குறைவு. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் புழுக்களுக்கு வைரஸ் தடவிய ஆமணக்கு இலையைத் தின்னக் கொடுப்பார்கள். ஒரு வாரத்தில் அவை செத்துவிடும். அவற்றைத் தண்ணீரில் ஊறவைத்து அழுகவிடுவார்கள். (நாற்றம் மூக்கைத் துளைக்கும்!) பிறகு மஸ்லின் துணியில் வடிகட்டினால் தோல், கால் எல்லாம் துணியிலேயே தங்கிவிடும். வடிந்த நீரை நிமிடத்துக்கு 500 சுற்று வேகத்தில் கொஞ்ச நேரம் சுழற்றினால் மிச்சக் கசடு அடியில் படியும். அதைத் தள்ளிவிட்டு, மேல்நீரைச் சில ஆயிரம் சுற்று வேகத்தில் மறுபடி சுழற்றினால் வெள்ளையாக ஒன்று அடியில் படியும். அதுதான் வைரஸ் டப்பாக்கள்.

டப்பா திறப்பது எங்கே தெரியுமா? புழுவின் வயிற்றில்! அங்குள்ள காரத்தன்மை புரதத்தைக் கரைத்துவிடும்.

ஓர் எக்டேருக்கு 250 புழுக்களின் வைரஸ் போதும் என்கிறது கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம். வெயில் பட்டால் வைரஸ் செத்துவிடும். அதனால் மாலையில்தான் தெளிக்க வேண்டும். கூடவே நாட்டுச் சர்க்கரையும் கலப்பார்கள். நம்ம கவுந்தப்பாடிச் சர்க்கரை என்றால் புழு வேண்டாம் என்றா சொல்லும்?