குப்பை வண்டியின் வெற்றோட்டம்

குப்பை வண்டி நாள்தோறும் ஓடும் தொலைவில் ஒரு பகுதி, அள்ளி முடித்த தெருக்களையே மீண்டும் கடப்பதில் கழிகிறது. எதையும் ஏற்றாத இந்த ஓட்டத்தை வெற்றோட்டம் எனலாம். தெருக்களின் நீளத்தை யாராலும் குறைக்க இயலாது என்பதால், எரிபொருளையும் தொழிலாளர் உழைப்பையும் சேமிக்க முனைவோர் முதலில் கைவைக்க வேண்டிய இடம் இதுவே.

வெற்றோட்டம் நேர்வதன் காரணத்தை, கோனிக்ஸ்பர்க் நகரின் 7 பாலங்களையும் ஒருமுறைக்கு மேல் கடக்காமல் சுற்றுவதைப் பற்றி 1735-இல் கணிதவியலர் ஆய்லர் முன்வைத்த கணிதமே விளக்கிவிடுகிறது. ஒரு தெரு வழியாகச் சந்திப்பை அடையும் வண்டி வேறொரு தெரு வழியாக வெளியேறுவதால், அங்கே தெருக்கள் இரண்டிரண்டாகத் தீர்கின்றன; நாற்சந்தியில் மிச்சம் ஏதுமில்லை, முச்சந்தியிலோ ஒரு தெரு துணையின்றி எஞ்சி, அள்ளிய தெரு ஒன்றையே வண்டியை மீண்டும் கடக்கச் செய்கிறது. முட்டுச்சந்தின் நிலையும் இதுவே. இத்தகைய ஒற்றைச் சந்திகளின் எண்ணிக்கை எந்த நகரிலும் இரட்டைப்படையாகவே அமையும் என்பதால், அவற்றை இணை இணையாகச் சேர்த்து, ஒவ்வோர் இணையிலும் உள்ள இரு சந்திகளுக்கு இடையிலான தொலைவுகளின் கூட்டுத்தொகையை மிகக் குறைந்ததாக்கினால், வெற்றோட்டமும் மிகக் குறைந்ததாகிவிடும். தபால்காரரின் நடையை முன்னிட்டு இக்கணக்கை 1960-இல் வகுத்தவர் சீனக் கணிதவியலர் குவான் மெய்கு. அதை விரைவாகத் தீர்க்கும் முறையை ஆய்வாளர்கள் எட்மண்ட்ஸும் ஜான்சனும் 1973-இல் விளக்கினர்.

ஆனால் தபால் பை நடக்க நடக்க இளைக்கிறது, குப்பை வண்டியோ நிறைந்துகொண்டே போகிறது. நிறைந்ததும் கிடங்குக்குச் சென்று கொட்டித் திரும்ப வேண்டும் என்ற ஒரே நிபந்தனை, எளிதாக இருந்த கணக்கைக் கடினமான கணக்குகளின் வரிசையில் சேர்த்துவிடுகிறது. பெருநகர் ஒன்றுக்கு முற்றிலும் சிறந்த விடையை விரைவில் தருவதாக உறுதியளிக்கும் முறை இன்றுவரை கண்டறியப்படவில்லை. ஆகவே நல்ல விடையொன்றை எடுத்துக்கொண்டு, அதைச் சிறுகச் சிறுகத் திருத்துவதே நடைமுறையாயிற்று. நியூயார்க் நகரை முன்வைத்துப் பெல்ட்ராமியும் போடினும் 1974-இல் வெளியிட்ட ஆய்வு, வாரத்தில் 6 நாள் அள்ள வேண்டிய இடங்களையும் 3 நாள் மட்டும் அள்ள வேண்டிய இடங்களையும் ஒரே திட்டத்தில் பொருத்த முயன்றது.

அதே ஆண்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, கணினி இல்லாத சிற்றூர்களும் வரைபடமும் பென்சிலும் கொண்டே பயன்படுத்தத்தக்க விதிகளை வெளியிட்டது. எதிர்வரும் வண்டிகளின் குறுக்கே இடப்புறம் திரும்புவதைத் தவிர்க்க வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. சாலையின் இடப்புறம் ஓட்டும் இந்தியா, இலங்கை போன்ற நாடுகளில் அது இடஞ்சுழியாக மாறும். செங்குத்தான தெருவில் இறங்கும்போதே இருபுறமும் அள்ள வேண்டும் என்ற விதி எல்லா நாட்டுக்கும் பொதுவானது. வண்டியின் எரிபொருளோடு, அதன் பின்னே நடந்து சுமை தூக்கும் தொழிலாளியின் மூச்சையும் கணக்கில் கொண்ட விதி அது.