காதங்கி ரேடாரில் ஆய்வு நேரம் கோருதல்

திருத்தணி 1960 வரை இணைந்திருந்த பழைய சித்தூர் மாவட்டத்தின் காதங்கியில், தேசிய வளிமண்டல ஆய்வகத்தின் எம்.எஸ்.டி. ரேடார் இயங்குகிறது. 1,024 ஆண்டெனாக்கள் கொண்ட இக்கருவி பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கும் பயன்படும் பொது வசதியாகும். இத்தகைய வசதிக்கான விண்ணப்பத்தின் தரத்தை, அந்த நேரம் எப்போது, ஏன் தேவை என்னும் விளக்கமே தீர்மானிக்கிறது. மணிநேரங்களை மிகுத்துக் கேட்பது வலுச் சேர்ப்பதில்லை.

53 மெகாஹெர்ட்சில் இயங்கும் இந்த ரேடார், ஏறத்தாழ 3 மீட்டர் அளவிலான கொந்தளிப்புகளிலிருந்து எதிரொலி பெறுகிறது. இடையடுக்கில் அவ்வெதிரொலிக்குக் கட்டற்ற எலெக்ட்ரான்கள் வேண்டும். அங்கு அவற்றைப் பெரிதும் தருவது சூரியக் கதிர்வீச்சு. ஆகவே இடையடுக்கை ஆராய இரவு நேரம் கோருதல் பொதுவாகப் பயனற்றது. ஏறக்குறைய 30 முதல் 60 கி.மீ. வரையிலான உயரத்திலோ பகலிலும் எதிரொலி கிட்டுவதில்லை. அவ்வுயரத்தின் வெப்பநிலையை நாடுவோர் அங்கேயே உள்ள ராலே லிடாரைக் கோர வேண்டும். அதற்கு மேகமற்ற இரவு தேவை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஓரிரவை மட்டும் கோரும் முனைவர்பட்ட ஆய்வாளர், தரவின்றி அடுத்த பருவம்வரை காத்திருக்க நேரிடலாம். மாற்று இரவுகளையும் விண்ணப்பத்திலேயே குறிப்பது நலம்.